பலகைக்கு விரித்த மெத்தை

கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் போதும், இது மாட்டின் முதுகுத் தோலா, வயிற்றுத் தோலா, கழுத்துத் தோலா என்று ஊசி சொல்லிவிடுவாள். தோல் பை தைக்கும் ஆலையில் பத்தொன்பது வருஷம் கைப்பிடி தைத்த கை அது. ஊசி என்பது அங்கே உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். தையலும் அப்படி, ஆளும் அப்படி. ஒல்லியாக, விறைப்பாக, சத்தமே இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்பவள். அவள் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசுவதற்கு வீட்டில் ஒரு நாத்தனார் இருந்தாள்.

நாத்தனார் என்றதும் நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இவள் வேறு ரகம். அண்ணிக்கு ஒன்று என்றால் சொந்த அண்ணனையே நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோவையாவது திருகி அணைத்துவிடலாம், இவளுக்கு அந்த வசதியும் இல்லையே என்று அவளுடைய அண்ணன், அதாவது ஊசியின் கணவர், நாளைக்கு ஒரு தரமாவது அலுத்துக்கொள்வார். அவர் தச்சர். இழைப்புளியோடு பேசிப் பழகியவருக்கு வீட்டில் பேச அவ்வளவாக வாய்ப்புக் கிடைப்பதில்லை.

ஊசி ஆலையை விட்டு வந்து, இந்தக் கதை நடந்த நாளோடு சரியாக ஒரு மாதம். விட்டதற்குக் காரணம் அங்கிருந்த மேற்பார்வையாளர். அந்த மனிதர் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, யார் எத்தனை நிமிஷம் தண்ணீர் குடித்தார்கள், யார் எத்தனை நிமிஷம் கழிப்பறையில் இருந்தார்கள் என்று அளந்துகொண்டே திரிவார். ஒருநாள் அத்தனை பேர் முன்னாலும், “ஆறு நிமிஷம் பதினோரு செகண்ட். உள்ள போய்த் தூங்கினியா?” என்று அவளைக் கேட்டார். ஊசிக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்தாள். மெஷினுக்கு உறையைப் போட்டாள். கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

“ஒரு மாசம் உன் மெஷினை யாருக்கும் தரமாட்டேன்,” என்று அவர் குரல் பின்னாலேயே வந்தது. “அதுக்குள்ள நீயே வருவே. மாசம் முடியுற அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல ஒரு செகண்ட் கிடையாது.”

ஊசி வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆலைக் கதவைத் திரும்பவும் மிதிப்பதைவிடத் தெருவைக் கூட்டிப் பிழைப்பேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். கையில் இன்னொரு வேலை இருந்த தைரியம்தான்.

அந்த வேலை கத்தி தீட்டும் தோல்பட்டை செய்வது. சாணைக்கல்லில் தீட்டியதும் கத்தி கூராகிவிட்டது என்று நாமெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். கல் பாதி வேலையைத்தான் செய்கிறது. கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்கத் தோல்தான் வேண்டும். ஒரு பலகைமேல் தோலை ஒட்டி, பச்சை நிறத்தில் பாலீஷ் கட்டி விற்கிறார்களே, அதைச் சாக்பீஸ் மாதிரி அதன்மேல் தேய்த்து, கத்தியைச் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. அதற்குப் பிறகு அந்தக் கத்தியைப் பார்த்தாலே விரலை மடக்கிக்கொள்ளத் தோன்றும். ஆலையில் தோல் வெட்டுபவர்கள் ஊசி துண்டுத் தோலில் ஒட்டிக் கொடுத்த பட்டைகளுக்காக அடித்துக்கொள்வார்கள். வேறு யார் ஒட்டினாலும் அவர்களுக்கு அது பட்டையே இல்லை.

இதை ஊரெல்லாம் சொன்னவள் ரேடியோதான். இருநூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெரிய உணவகத்தின் பின்வாசலில் போய் நின்று, “உங்க கத்தியெல்லாம் தக்காளியை வெட்டுதா, நசுக்குதா?” என்று கேட்டிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் துரத்தியிருப்பார்கள். தலைமைச் சமையல்காரர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நாற்பது பட்டைக்குச் சொல்லிவிட்டார். அவர் கையின் கீழ் அப்படி மூன்று சமையல்கூடங்கள் இருந்தன. இது பிடித்திருந்தால் மற்ற இரண்டுக்கும் வாங்கிக்கொள்வதாக வாக்கு.

நாற்பது பட்டை! வீட்டு முன்னறையில் கட்டிலைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு வேலை தொடங்கியது. கணவர் நாற்பது பலகை அறுத்து, கண்ணாடியைப் போல் மட்டமாக இழைத்துக் கொடுத்தார். வயிற்றுத் தோல் இழுபடும் என்பதால் ஊசி முதுகுத் தோலாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்து வெட்டினாள். ஓரம் சீவினாள், ஓரத்துக்கு மெழுகு தேய்த்தாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. முதல் பெரிய ஆர்டர் அல்லவா, சும்மா ஒட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. விலை உயர்ந்த பைகளின் கைப்பிடியில் தோலுக்கு அடியில் மெல்லிய ஃபோம் வைப்பார்கள். பிடித்தால் மெத்தென்று இருக்கும். பத்தொன்பது வருஷமாக அதை வைத்து வைத்து, நல்ல தோல் சாமான் என்றால் மெத்தென்று இருக்க வேண்டும் என்பது அவள் விரலிலேயே ஊறிவிட்டது. நாற்பது பட்டைக்கும் பலகைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தாள் ஃபோம் வைத்து ஒட்டினாள்.

“நான் உயிரைக் குடுத்து மட்டமா இழைச்சுக் குடுத்தா, அதுமேல மெத்தை விரிக்கிறியே?” என்று கணவர் கேட்டார்.

“உனக்கு என்னண்ணா தெரியும்? தொட்டுப் பாரு, அல்வா மாதிரி இருக்கு,” என்று ரேடியோ அவர் வாயை அடைத்தாள். ஊசிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்த அன்று சமையல்கூடத்தில் எல்லோரும் பட்டைகளை அமுக்கி அமுக்கிப் பார்த்து வியந்தார்கள்.

பத்தாவது நாள், ஒரு மாதக் கெடு முடியும் அதே நாள் காலையில், அங்கிருந்து ஃபோன் வந்தது. ரேடியோதான் எடுத்தாள். அவள் எதிர்ப்பேச்சே பேசாமல் ஃபோனை வைத்ததைப் பார்த்ததும் ஊசி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

“அண்ணி, நாப்பதையும் வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. அந்தப் பட்டையில தீட்டத் தீட்டக் கத்தி மொட்டையாகுதாம்.”

ஊசி சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து. ஐந்து மணிக்குள் அந்த உறை போட்ட மெஷினுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதானா? அந்த ஸ்டாப்வாட்ச் கழுத்து, “நான் சொன்னேன்ல, நீயே வருவேன்னு?” என்று சிரிப்பதை நினைத்தபோதே அவளுக்கு அழுகை முட்டியது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வா, போய்ப் பார்ப்போம்,” என்றாள்.

சமையல்கூடம் நீளமான அறை. ஒரு பக்கம் அடுப்புகள், இன்னொரு பக்கம் வெட்டும் மேஜைகள், கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டி. மேஜைமேல் நாற்பது பட்டைகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். தலைமைச் சமையல்காரரை அங்கே எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் சின்னது. கத்துகிற மனிதராக இருந்தால் பதிலுக்குக் கத்திவிடலாம். இவர் பொறுமையாகப் பேசுவார், அதுதான் ஆபத்து.

“உக்காருங்கம்மா,” என்றார். “உங்க உழைப்பைக் குறை சொல்லலை. பார்க்க அழகா இருக்கு. ஆனா முதல் ரெண்டு இழுப்புக்கு நல்லா இருக்கிற கத்தி, இருபதாவது இழுப்புக்கு வெண்ணெய்கூட வெட்டமாட்டேங்குது.”

“நீங்க இழுக்கிற விதம் சரியில்லாம இருக்கும்,” என்று ரேடியோ ஆரம்பித்தாள். “கத்தியை வாய் முன்னால வச்சுத் தள்ளினா தோலே கிழியும். முதுகு முன்னால போகணும்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? அமுக்கவும் கூடாது. உங்க ஆளுங்களைப் பார்த்தாலே தெரியுது, ஒவ்வொருத்தரும் உலக்கை பிடிக்கிற மாதிரில்ல கத்தியைப் பிடிக்கிறாங்க!”

இறைச்சி வெட்டுபவர் ஒருவர் இருந்தார், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. அவர் வாய் திறக்காமல் ஒரு கத்தியை எடுத்து, சொன்னபடியே முதுகை முன்னால் வைத்துப் பட்டையில் இழுத்துக் காட்டினார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ரேடியோ அப்படியே ஸ்டேஷன் மாற்றி, கல்லில் கோளாறு, பச்சைக் கட்டியில் கோளாறு, அடுப்புச் சூட்டில் கோளாறு என்று வரிசையாக எடுத்துவிட்டாள்.

மாஸ்டர் அவளை விட்டுவிட்டு ஊசியைப் பார்த்தார். “நீங்க தோல் வேலை செய்யுறவங்க. உங்க கத்தி ஒண்ணு இருக்குமே, அதைக் காட்டுங்க.”

ஊசி பையிலிருந்து தோல் சீவும் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். மாஸ்டர் தன் முன்கையில் இருந்த மயிரில் லேசாக அதை வைத்தார். தொட்ட இடத்தை வழித்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

“இதை எதுல தீட்டுறீங்க?”

“என் பட்டையிலதான்.”

“இதே மாதிரிப் பட்டையிலயா?”

“இல்லீங்க, என்னோடது பழசு. ஆலையில இருந்தப்போ ஒட்டினது.”

“அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

ஒரு வித்தியாசமும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதே தோல், அதே பச்சைக் கட்டி, அதே கை. அப்போது இறைச்சி வெட்டுபவர் இன்னும் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தார். ஊசியின் கண் அந்தப் பட்டைமேல் போனது. கத்தி போகிற இடத்தில் தோல் பள்ளமாக அமுங்குகிறது. கத்தி தாண்டியதும் பின்னாலேயே உப்பி எழுந்து வாயை உரசுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பள்ளம், ஒரு உப்பல். அவள் கட்டை விரலை வைத்து அமுக்கினாள். மெத்தென்று உள்ளே போனது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் இரண்டு இழுப்பில் பிசிறு போய்விடுகிறது, கத்தி பளிச்சென்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அந்த மெத்தை எழும்பி வந்து கூரான வாயைத் தடவித் தடவி மழுங்கடிக்கிறது. பைக்கு எது சொகுசோ அது கத்திக்கு எமன். இதைக் கணவர் ஒரே வரியில் சொல்லியிருந்தார். தப்பு செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர் சரியாகச் சொல்லியிருந்தார் என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

ரேடியோ அப்போது அடுப்புச் சூட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். ஊசி அவள் தோளில் கை வைத்தாள்.

“போதும். தப்பு இவங்களோடது இல்ல. என்னோடது.”

ரேடியோ அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். ஊசி அதைச் சட்டை செய்யவில்லை.

“பை தைக்கிற பழக்கத்துல அடியில ஃபோம் வச்சுட்டேன். தோல் பலகையோட பலகையா இறுக்கமா உக்காரணும். மெத்தையில உக்கார்ந்தா கத்தியோட வாயைச் சுத்தி எழும்பி மழுக்கிடும். உங்க ஆளுங்க கையில ஒரு குத்தமும் இல்லீங்க. பட்டையை எனக்கு மூணு மணி வரைக்கும் குடுங்க. இங்கயே ஒரு மூலையில உக்காந்து ஒண்ணை மாத்தி ஒட்டிக் காட்டுறேன். சரியா வரலைன்னா நாப்பதையும் தூக்கிட்டுப் போயிடுறேன். திரும்ப இந்தப் பக்கமே வரமாட்டோம்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ரேடியோ கேட்டதில்லை.

மாஸ்டர் அவளுடைய கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். “முப்பது வருஷமா சமையல்கட்டுல இருக்கேன். ஏதாவது தீஞ்சு போச்சுன்னா அடுப்பு மேல பழி, விறகு மேல பழி, எண்ணெய் மேல பழி. என் தப்புன்னு தானா வந்து யாரும் சொன்னதில்ல,” என்றார். “மூலையில கிழங்கு மூட்டை இருக்கு. அதை நகர்த்திட்டு உக்காருங்க.”

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வரத் தொடங்கியது. அறை முழுக்க ஆவியும் சத்தமும். அந்த அமளிக்கு நடுவே ஊசி கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு பட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நுனியில் கத்தியைக் கொடுத்துத் தோலைப் பிடித்து இழுத்தாள். ஃபோம் இரண்டாகக் கிழிந்து பாதி பலகையிலும் பாதி தோலிலும் நின்றது. இப்படி அழுத்தமாகவா ஒட்டித் தொலைத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுரண்டுவதற்கு ரேடியோவும் உதவ வந்து சமையல்கூடத்துக் கத்தி ஒன்றை எடுத்தாள். அது ஃபோமைத் தடவிக் கொடுத்ததே தவிர ஒரு துணுக்கைக்கூட எடுக்கவில்லை.

“அண்ணி, நம்ம பட்டை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு,” என்றாள் ரேடியோ. கவலைக்கு நடுவிலும் ஊசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெரிய சமையல்கூடத்தில் கூராக இருந்தது அவள் கையில் இருந்த ஒரே ஒரு கத்திதான்.

தோலின் அடிப்பக்கத்தை அவள் நூல் நூலாகச் சீவினாள். கை கொஞ்சம் ஆழமாகப் போனால் தோலில் ஓட்டை. போகவில்லை. பழைய பசையைக் கட்டை விரலால் தேய்த்து உருண்டை உருண்டையாக எடுத்தாள். உப்புத்தாளால் பலகையைத் தேய்த்து, தூசியை ஊதி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாள். பிறகு பலகைக்கும் தோலுக்கும் தனித்தனியாகச் சொல்யூஷன் பசை பூசினாள். அவசரப்பட்டு உடனே ஒட்டினால் உள்ளே காற்று நிற்கும். விரலால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் விரலை விடவும் மனசில்லாமல் லேசாகப் பிடிக்கும் பதம் ஒன்று இருக்கிறது, அது வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் அவள் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை.

பதம் வந்ததும் ஒரு நுனியில் தொடங்கி, தோலை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே படுக்கவைத்தாள். மெத்தைமேல் கிடந்து இழுபட்டதில் தோல் பலகையைவிட அரை விரல் நீண்டிருந்தது. ஒரே இழுப்பில் அதை நறுக்கினாள். மேலே பாரம் வைக்க வேண்டும்.

“நான் வேணா ஏறி உக்காந்துக்கவா?” என்றாள் ரேடியோ.

அதற்குள் இறைச்சி வெட்டுபவர் குழம்புக் கொப்பரை ஒன்றில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பித் தனியாகவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டைமேல் அதைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு, தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். ஊசி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் இருந்த பயம் வேறு, இது வேறு. காலையில் என்ன தப்பென்றே தெரியாது. இப்போது தெரியும்.

மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்தது. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் சமையல்கூடமே வந்து நின்றது.

“எப்படிச் சோதிக்கலாம்?” என்றார்.

“ஒரே மாதிரி ரெண்டு கத்தி வேணுங்க,” என்றாள் ஊசி. “ரெண்டையும் ஒரே கல்லுல, ஒரே ஆள் தீட்டணும். அப்புறம் ஒண்ணு மெத்தை வச்ச பட்டையில, இன்னொண்ணு இதுல. நான் தொடமாட்டேன். நீங்களே இழுங்க. எப்பவும் எப்படி அமுக்குவீங்களோ அப்படியே அமுக்குங்க.”

அங்கே ஒரே அளவில் இரண்டு நீளக் கத்திகள் இருந்தன. முதலில் வந்ததற்கு மாமியார் என்றும், பிறகு வந்ததற்கு மருமகள் என்றும் பெயர். ஒரே சட்டத்தில் மாட்டியிருப்பதால் நாள் முழுக்க உரசிக்கொண்டே கிடக்குமாம். இறைச்சி வெட்டுபவர் இரண்டையும் கல்லில் ஒரே கணக்காகத் தீட்டிக் கொடுத்தார்.

மாஸ்டர் முதலில் மாமியாரை எடுத்தார். மெத்தைப் பட்டையில் இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. அடுத்து மருமகள். கொப்பரைக்கு அடியிலிருந்து எடுத்த பட்டைமேல் ஊசி பச்சைக் கட்டியைத் தேய்த்து நீட்டினாள். இந்தப் பட்டையில் கத்தி இழுபடும் சத்தமே வேறாக இருந்தது. சலக் சலக்கென்று அளந்து வைத்ததுபோல் வந்தது. தோல் அமுங்கவில்லை, எழும்பவில்லை. இருபதாவது இழுப்பில் ஊசி மூச்சை அடக்கிக்கொண்டாள். ரேடியோ அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மேஜைமேல் இரண்டு பழுத்த தக்காளி. மாஸ்டர் தக்காளியைக் கையால் பிடிக்கவில்லை. சும்மா வைத்துவிட்டு, கத்தியைப் படுக்கையாகப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். மாமியார் பட்டதும் தோல் உள்ளே அமுங்கியது, தக்காளி கத்தியோடு சேர்ந்து நகர்ந்தது, உருண்டது, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து தெறித்தது. யாரோ சிரித்து அடக்கினார்கள்.

மாஸ்டர் மருமகளை எடுத்தார். அடுத்த தக்காளி. அதே கை, அதே உயரம். கத்தி ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது. தக்காளி இருந்த இடத்திலேயே இருந்தது. கத்தி தவறிப்போய்விட்டதோ என்றுதான் ஊசிக்குத் தோன்றியது. மாஸ்டர் குனிந்து, மேலே லேசாக ஊதினார். ஒரு வட்டத் துண்டு தனியாக நழுவி மேஜைமேல் விழுந்தது.

மாஸ்டர் இன்னொரு துண்டு இழுத்தார், முதலாவதைவிட மெல்லிசு. அதைப் பக்கத்தில் கிடந்த ஆர்டர் சீட்டின்மேல் விரித்தார். அடியில் இருந்த எழுத்து தெரிந்தது. எல்லோரும் கேட்கும்படி அந்தச் சின்னக் குரலில் படித்தார்: “ஏழாம் மேஜை. காரம் குறைவு.”

அதற்குப் பிறகு அந்தச் சமையல்கூடத்தில் எழுந்த சத்தம் இருக்கிறதே! கரண்டியால் கொப்பரையைத் தட்டியவர்கள் தட்ட, மூடியை மூடியோடு மோதியவர்கள் மோத, பாத்திரம் கழுவும் பெண் ஈரக்கையோடு ஓடிவந்து ஊசியைக் கட்டிக்கொண்டாள். மலைபோல் நின்ற இறைச்சி வெட்டுபவர், “எனக்கு ஒண்ணு, எனக்கு முதல்ல ஒண்ணு,” என்று சின்னப் பிள்ளைபோல் கேட்டார். எல்லா சத்தத்துக்கும் மேலே ரேடியோவின் குரல் கேட்டது.

“உலகத்துல இந்த ஒரு இடத்துலயாவது மாமியாரை மருமக ஜெயிச்சாளே!”

ஊசி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை ரேடியோகூடப் பார்த்ததில்லை. தோற்று வந்த இடத்தில், தன் தப்பைத் தானே பிய்த்து எறிந்து ஜெயித்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நாப்பதையும் இதே மாதிரி மாத்திடுங்கம்மா,” என்றார் மாஸ்டர். “மத்த ரெண்டு சமையல்கட்டுக்கும் எண்பது வேணும். நீங்க ஒட்டினதாத்தான் இருக்கணும்.”

அப்புறம் எங்கே வீட்டுக்குப் போவது? அங்கேயே வேலை தொடங்கிவிட்டது. சாயங்கால வேலைக்கு இன்னும் நேரம் இருந்ததால் நாலைந்து சமையல்காரர்கள் தரையில் உட்கார்ந்து தோலைப் பிய்த்துக் கொடுத்தார்கள். ரேடியோ ஃபோமைச் சுரண்டுவதற்கு ஆள் பிரித்து அதட்டிக்கொண்டிருந்தாள். தகவல் தெரிந்து கணவரும் உப்புத்தாளோடு வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “நான் அன்னைக்கே...” என்று தொடங்கினார்.

“ஆமா, நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கலை,” என்றாள் ஊசி. இதை எதிர்பார்க்காத அவர் ஒரு பலகையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

பதினோராவது பட்டைக்கு அவள் சொல்யூஷன் பூசிக்கொண்டிருந்தபோது பையில் இருந்த அவள் ஃபோன் அடித்தது. அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரத்தில் மணி ஐந்து. ஒரு செகண்ட் முன்னால் இல்லை, பின்னால் இல்லை. ரேடியோ பாய்ந்து வந்து கையை நீட்டினாள். அந்த மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதை அவள் ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஊசி தலையை அசைத்துவிட்டு, பசைக் கையோடு தானே எடுத்தாள்.

“என்ன ஊசி, அஞ்சு மணி. மெஷின் உறையைக் கழட்டச் சொல்லட்டுமா, இல்ல வேற ஆளுக்குக் குடுக்கட்டுமா?”

“வேற ஆளுக்குக் குடுத்துடுங்க சார். நல்ல மெஷின், நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் குடுங்க,” என்றாள். “அப்புறம், வர்ற பொண்ணை நிம்மதியாத் தண்ணி குடிக்க விடுங்க.”

அந்தப் பக்கம் அவர் குரல் இறங்கியது. “அவசரப்படாதே. நாளைக்கு வந்து நிக்காதே. நல்லா யோசிச்சுத்தான் பேசுறியா?”

ஊசி சொல்யூஷன் பூசிய தோலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பதம் வந்துவிட்டிருந்தது.

“அப்புறம் பேசலாம் சார்,” என்றாள். “நான் வேலையில இருக்கேன்.”

ஃபோனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, தோலை எடுத்துப் பலகையின் நுனியில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள்.